ஏரியும் ஆயக்கட்டும்: சென்னையின் மேற்கூர்களில் நீர்காத்த வேளாண்மை

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என விரியும் நிலப்பரப்பில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வடக்கே கொசத்தலை, நடுவே கூவம், தெற்கே அடையாறு ஆகிய மூன்றும் மழைநாளில் பெருகி, மழை ஓய்ந்தபின் மணல் தெரியக் கிடப்பவை. ஆண்டு மழை ஏறத்தாழ 1200 முதல் 1400 மில்லிமீட்டர் வரை பெய்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவத்தின் மூன்று திங்களில், அதுவும் சில நாட்களில், கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நிலமோ கிழக்கே கடலை நோக்கி மிக மெல்லச் சரிவது. பெய்த நீரை நிறுத்தி வைக்க மலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. இத்தகைய நிலத்தில் நெல் விளைந்தது என்பதும், நூற்றுக்கணக்கான ஆண்டுகள் தொடர்ந்து விளைந்தது என்பதும் வியப்பிற்குரிய செய்தியாகும். அவ்வியப்பின் விடை ஏரி என்னும் இரண்டெழுத்துச் சொல்லில் அடங்கியிருக்கிறது.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே அழைப்பது வழக்கம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் அம்மாவட்டத்தில் இருந்தன. 1997இல் அம்மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தபோது ஏரிகளும் பிரிந்தன. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகள் திருவள்ளூர்ப் பக்கம் அமைந்தன. செம்பரம்பாக்கத்துப் பேரேரி காஞ்சிபுரத்துப் பக்கம் நின்றது. ஆனால் நீருக்கு மாவட்ட எல்லை தெரியாது. மேலேரி நிறைந்தால் அதன் கலங்கல் வழியே வழிந்த நீர் கீழேரிக்குச் செல்லும். அதுவும் நிறைந்தால் அடுத்ததற்குச் செல்லும். அம்பத்தூர் ஏரியின் உபரி கொரட்டூர் ஏரிக்கும், கொரட்டூர் ஏரியின் உபரி மாதவரத்துப் பக்கத்து ஏரிக்கும் செல்வது இன்றும் காணத்தக்க சான்று. இவ்வாறு மணிகோத்தாற்போல் அமைந்த ஏரிவரிசையில் ஓர் ஏரி தூர்ந்தாலும் அதன் கேடு கீழே உள்ள அனைத்திற்கும் சேரும்.

வேளாண்மை நீரை மிகுதியாகச் செலவழிக்கும் தொழில் என்று இக்காலத்தில் பேசப்படுகிறது. பொதுவாக அது மெய்யே. ஆயினும் இந்த மேற்கூர்களின் வரலாற்றை நோக்கும்போது வேறோர் உண்மை புலப்படுகிறது. இங்கே நீரைக் காத்தது வேளாண்மையே. வயல் இருந்தவரை ஏரிக்குக் காவல் இருந்தது. வயல் மறைந்தபின் ஏரி காவலற்றுப் போயிற்று. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லில் நிற்கும் ஏற்பாடு

ஏரி அமைத்தல் தொண்டை நாட்டில் மிகப் பழைய அறமாகும். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பெயரால் மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம் அமைந்தது. கூரம் செப்பேடு முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துப் பரமேசுவர தடாகத்தையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணர்ந்த பெரும்பிடுகு கால்வாயையும் குறிப்பிடுகிறது. மன்னர்கள் ஏரி வெட்டினர் என்பது பெருமைதான். ஆனால் வெட்டிய ஏரி நூறாண்டு கடந்தும் நீர் தாங்கியதற்குக் காரணம் மன்னரின் பெருமை அன்று. ஏரியை ஆண்டுதோறும் பேணிய ஊர் ஏற்பாடே காரணம்.

அந்த ஏற்பாட்டின் மிகத் தெளிவான சான்று உத்திரமேரூரில் உள்ளது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களைப் பற்றி விரித்துரைக்கின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். குடவோலை வழியே ஆறு பேர் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்தம் பொறுப்பு 360 நாட்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடத்தில் பெயரிடத் தகுதி அற்றவர் என அக்கல்வெட்டு விலக்குகிறது. நீரைக் காப்பதும் கணக்கைக் காப்பதும் வேறு வேறு அல்ல என்பதை அக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர். ஏரிப் பராமரிப்புக்கென்றே ஒதுக்கப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. அந்நிலத்தின் விளைவு கொண்டு ஆண்டுதோறும் தூர் வாரினர். உத்திரமேரூர் அந்தணர் சபைக்குரிய ஊர் என்பதும், நிலமும் கல்வியும் உடையாரே அச்சபையில் அமர்ந்தனர் என்பதும் இங்கே மறைக்கத் தக்கன அல்ல.

நீரறம் புலவர் குடியையும் விட்டுவைக்கவில்லை. புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகில் அமைந்தது. அவ்வூரில் உள்ள குளம் ஒன்றைச் சேக்கிழாரின் தம்பி பாலறாவாயர் வெட்டுவித்தார் என்பது மரபு. பெருங்காப்பியம் செய்த தமையனும் குளம் தொட்ட தம்பியும் ஒரே இல்லத்தவர் என்று ஊர் நினைவில் வைத்திருப்பது கருதத்தக்கது.

பட்டமும் பாய்ச்சலும்

ஏரியின் உறுப்புகள் சில. மேட்டிலிருந்து நீரைக் கொணர்வது வரத்துக்கால். நீரைத் தடுத்து நிறுத்துவது கரை. வயலுக்கு நீர் விடுவது மதகு. மிகுந்த நீரை ஊறின்றி வெளியேற்றுவது கலங்கல். மதகின் கீழ் அந்நீரால் விளையும் நிலம் முழுவதும் ஆயக்கட்டு. இவற்றுள் ஆயக்கட்டை ஏரிக்கு வெளியே உள்ளதாக எண்ணுவது பிழை. கரையும் மதகும் எவ்வாறு ஏரியின் உறுப்போ, அவ்வாறே ஆயக்கட்டும் ஏரியின் உறுப்பு. ஏனெனில் கரை உடைந்தால் முதலில் அழிவதும், தூர் சேர்ந்தால் முதலில் காய்வதும் ஆயக்கட்டே.

செங்கற்பட்டுச் சீமையின் நெற்பட்டங்கள் மூன்று. ஆவணியை ஒட்டித் தொடங்கித் தையில் முடிவது சம்பா. மார்கழி, தைத் திங்களில் நட்டுச் சித்திரையில் அறுப்பது நவரை. சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆடி ஆவணியில் முடிவது சொர்ணவாரி. சம்பாவிற்கு வானமும் ஏரியும் துணை நின்றன. நவரைக்கு நிறைந்த ஏரி துணை நின்றது. சொர்ணவாரிக்கு ஏரியில் எஞ்சிய நீரும் கிணறும் துணை நின்றன. கிணற்று நீரும் ஏரி தந்ததே. ஏரியில் தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கி, ஆயக்கட்டுக் கிணறுகளில் ஊறிற்று. அதனை ஏற்றத்தாலும் கவலையாலும் இறைத்தனர். மனித உழைப்பும் மாட்டின் உழைப்பும் இறைத்ததால், இறைப்பின் அளவு ஊற்றின் அளவை மீறவில்லை.

ஏரியில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதைக் கண்டபின்னரே எந்தப் பட்டம் இடுவது, எவ்வளவு நிலத்தில் இடுவது என்பது முடிவாகும். நீர் குறைந்த ஆண்டில் நெல்லைச் சுருக்கிக் கேழ்வரகு, எள் போன்ற புன்செய்ப் பயிருக்கு மாறுவர். நட்ட பயிருக்கும் எப்போதும் நீர் கட்டி வைப்பதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுதல் வேண்டும் என்பது உழவர் வாய்மொழி. ஒரு பாய்ச்சல் முடிந்து மண் சற்றே உலர்ந்தபின் மறுபாய்ச்சல் விடுவதால் வேர் ஆழச் செல்லும், நீரும் மிஞ்சும். இன்று வேளாண் அறிவியலார் திருந்திய நெல் சாகுபடி என்னும் முறையில் இதனை அளவிட்டு வலியுறுத்துகின்றனர். கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டினர். ஏரிக்கு ஆழம் கூடிற்று. வயலுக்கு உரம் கூடிற்று. தூர் வாருதல் தனிச் செலவாக இல்லாமல் பயிர்த்தொழிலின் ஒரு பகுதியாகவே நடந்தது.

மதகைத் திறந்து மூடவும், முறை வைத்து வயல்தோறும் நீர் பாய்ச்சவும் ஊருக்குப் பொதுவான ஆள் இருந்தார். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி, மடையன் என வட்டாரத்திற்கு வட்டாரம் அவர் பெயர் மாறும். நிலமுடையவர் தாமே மடை திறத்தல் கூடாது என்பது கட்டுப்பாடு. தலைமடையில் நிலம் உள்ளவருக்கும் கடைமடையில் நிலம் உள்ளவருக்கும் நடுவே அவர் நின்றார்.

களத்துப் பொலியில் ஏரிக்குரிய பங்கு

1763இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். அதன் வருவாயை அறிய விரும்பிய கும்பினி, தாமசு பர்னார்டு என்னும் பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளவை செய்வித்தது. ஏறத்தாழ 2000 ஊர்களின் விவரங்கள் அதில் திரண்டன. ஒவ்வோர் ஊரின் நன்செய், புன்செய், ஏரி, குளம், தோப்பு, குடிகள் என அனைத்தும் அதில் எழுதப்பட்டன. அவ்வூர்க் கணக்குகளின் தமிழ் ஓலைகள் பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்டன.

அக்கணக்குகள் புலப்படுத்தும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. களத்தில் நெல் அடித்துத் தூற்றிப் பொலியாகக் குவித்தபின், அரசுக்கு இவ்வளவு, குடிக்கு இவ்வளவு எனப் பிரிப்பதற்கு முன்பே பொதுப்பங்குகள் அதிலிருந்து எடுக்கப்பட்டன. கோயில், கணக்கன், தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன், வெட்டியான் ஆகியோருக்கு மேரை என்னும் பெயரால் பங்குகள் இருந்தன. அவற்றோடு ஏரிக்கும் பங்கு இருந்தது. விளைவு மிகுந்தால் ஏரியின் பங்கும் மிகுந்தது. நீர் தந்த ஏரிக்கு நெல்லாக நன்றி செலுத்தப்பட்டது என்று இதனைக் கூறலாம். இதன் பொருளியல் நுட்பம் எளியது. ஏரியைப் பேணும் செலவை யாரும் தம் கையிலிருந்து தருவதாக உணரவில்லை. யாருக்கும் உரியதாகு முன்பே அது ஏரிக்கு உரியதாகிவிட்டது.

தொண்டை மண்டலத்து நிலவுரிமையைப் பற்றி நுணுகி எழுதியவர் எல்லீசு. குறளுக்கு உரை கண்டவராகவும், 1818இல் சென்னை நகரில் கிணறுகள் வெட்டுவித்து, இராயப்பேட்டைக் கல்வெட்டில் குறளை எடுத்தாண்டவராகவும் இலக்கிய அன்பர் அவரை அறிவர். மிராசு உரிமை பற்றிய அவருடைய எழுத்தில் பசுங்கரை, அறுதிக்கரை என இருவகை ஊர்கள் குறிக்கப்படுகின்றன. அறுதிக்கரை ஊரில் அவரவர் நிலம் நிலையாக அவரவர்க்கே. பசுங்கரை ஊரிலோ பங்குதான் நிலையானது. நிலம் குறித்த காலத்திற்கு ஒருமுறை பங்காளிகளுக்குள் மாறி மாறி வரும். இன்று தலைமடையில் உழுபவர் நாளை கடைமடையில் உழ நேரலாம். ஏரிநீர் கடைமடை வரை செல்லவேண்டும் என்பதில் அனைவர்க்கும் அக்கறை இருப்பதற்கு இம்முறை துணை செய்திருக்கும் என்று கருத இடமுண்டு.

1794 முதல் அச்சீமையின் ஆட்சியராக இருந்த லயனல் பிளேசு ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் அக்கறை காட்டியவர். மதுராந்தகம் ஏரிக்கரை உடையும் நிலையில் இருந்த இரவில் வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நின்றதை அவர் கண்டார் எனவும், அதனாலேயே அவ்வூர்ப் பெருமாள் ஏரி காத்த இராமர் ஆனார் எனவும் கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், இரவில் மழையில் ஏரிக்கரை மீது ஒருவர் நிற்கவேண்டும் என்னும் ஊரின் நம்பிக்கை அதில் பதிந்திருக்கிறது.

கரையில் நின்றவர் யார்?

கரையில் உண்மையாக நின்றவர் யார் என்னும் வினாவை வரலாறு எழுதுவோர் தவிர்த்தல் ஆகாது. மிராசுப் பங்கு பெரும்பாலும் வேளாளரிடமும் அந்தணரிடமும் இருந்தது. மண் வெட்டியவரும், கரை உயர்த்தியவரும், நள்ளிரவில் உடைப்பை அடைத்தவரும் பெரும்பாலும் சேரியில் வாழ்ந்த பண்ணையாட்களே. அவர்களுக்கு ஏரிநீரால் விளைந்த நெல்லில் கூலியும் மேரையும் உண்டு. நிலத்தில் பங்கு இல்லை. பல ஊர்களில் ஊர்க்குளத்து நீரை அவர்கள் முகந்து குடிக்கவும் உரிமை இல்லை.

1891இல் செங்கற்பட்டு ஆட்சியர்ப் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை விடுத்தார். வீட்டுமனைக்கும் உரிமையின்றி, கடனால் பண்ணையோடு பிணிக்கப்பட்டு, புறம்போக்கைக் கேட்டாலும் மிராசுதாரின் தடையால் பெறமுடியாமல் அவர்கள் வாழ்ந்த நிலையை அவ்வறிக்கை எடுத்துரைத்தது. அதன் விளைவாக 1892இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என வழங்கும் நிலங்கள் அவ்வழி வந்தவை. ஆகவே பழைய ஏரி ஏற்பாட்டைப் பொற்காலம் எனப் பாடுதல் பொருந்தாது. அதில் நீரறிவு இருந்தது. நீதி குறைவாக இருந்தது. நீரறிவை மீட்க எண்ணுவோர் அநீதியையும் சேர்த்து மீட்டுவிடலாகாது.

பங்கு போனது

ஏரிகளின் தளர்ச்சி நிலம் கட்டடமான பிறகு தொடங்கியது என எண்ணுவோர் பலர். உண்மையில் அது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே தொடங்கிவிட்டது. 1820 முதல் சென்னை மாகாணத்தில் இரயத்துவாரி முறை பரவலாக நடைமுறைக்கு வந்தது. ஊர் முழுமைக்கும் சேர்ந்த பொலியைப் பகிர்வது போய், ஒவ்வொரு வயலுக்கும் பணமாக வரி விதிக்கும் முறை நிலைத்தது. பொதுப்பொலி இல்லாதபோது அதிலிருந்து ஏரிக்கு எடுக்கும் பங்கும் இல்லை. ஏரி அரசின் உடைமை ஆயிற்று. பழுதுபார்க்கும் கடமை மட்டும் குடிமராமத்து என்னும் பெயரால் மக்கள் மேல் நின்றது. உரிமை சென்றபின் கடமை எவ்வாறு நிற்கும்? உழைப்புத் தர மறுப்பவரைச் சட்டத்தால் கட்டாயப்படுத்த 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நூற்றாண்டுகளாகத் தானே நடந்த ஒன்றுக்குத் தண்டச் சட்டம் தேவைப்பட்டது என்பதே அது உயிரிழந்ததற்குச் சான்று.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பெரும்பஞ்சம் அரசின் கண்ணைத் திறந்தது. பஞ்ச விசாரணைக்குப்பின் 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கிற்று. ஏரிகள் அளக்கப்பட்டன, கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றின் விவரங்கள் ஏடுகளில் ஏறின. அந்த ஏடுகள் பயனுடையவை. ஆயினும் ஏரியை அறிந்தவர் ஊரிலிருந்து அலுவலகத்திற்கு மாறிவிட்டனர் என்பதையும் அவை காட்டுகின்றன. விடுதலைக்குப் பின்னர் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உடைய ஏரி பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திற்கு எனப் பிரிக்கப்பட்டது. ஓர் ஏரி யாருடைய பொறுப்பு என்பதையே அதன் ஆயக்கட்டின் அளவு முடிவு செய்தது. ஆயக்கட்டே இல்லாது போனால் ஏரி யாருடையது என்னும் வினா அன்று யாருக்கும் தோன்றவில்லை.

நகரம் கேட்ட நீரும் நிலமும்

நகரம் முதலில் நீரைக் கேட்டது. புழலில் இருந்த பழைய ஏரி சென்னையின் குடிநீருக்காகப் பெரிதாக்கப்பட்டு, 1876இல் நீர்த்தேக்கம் ஆயிற்று. சோழவரம் அதனோடு இணைந்தது. 1944இல் கொசத்தலையின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தது. செம்பரம்பாக்கம் நெடுங்காலம் வயலுக்கே நீர் தந்தது; பின்னர் நகரின் குடிநீர்த் தேக்கமாக மாறியது. அதன் கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. முழு ஆழம் 24 அடி. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மை செய்யும் நிலையம் 2007இல் அங்கே இயங்கத் தொடங்கியது. இடையில் 1983இல் ஆந்திரத்தோடு கிருட்டிணை நீருக்கான உடன்பாடு ஏற்பட்டு, 1996இல் அந்நீர் பூண்டியை அடைந்தது. நகருக்குக் குடிநீர் தருவது அறமே. ஆனால் நீர் கிழக்கே சென்றது. அதனைக் காக்கும் ஏற்பாடு அதனோடு செல்லவில்லை.

அடுத்து நகரம் நிலத்தைக் கேட்டது. 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை எழுந்தது. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்ம பாணிச் சமுதாயத்தை நாட்டின் இலக்காக அறிவித்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. இவை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டவை. பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் என்னும் விடுதலையைத் தந்தவை. அதனை மறத்தல் நன்றிக்கேடாகும். ஆனால் தொழிலாளர்க்கு வீடு வேண்டும். வீட்டுக்கு மனை வேண்டும். ஆயக்கட்டு வயல்கள் மனைகளாயின. பின்னர் ஏரிகளே மனைகளாயின. 1920களில் நகருக்குள் மாம்பலத்து நெடிய ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்ததை ஒத்த செயல்தான் அது. முகப்பேர் ஏரித் திட்டம் என்று குடியிருப்பு ஒன்றுக்குப் பெயர் உண்டு. வீட்டு வசதி வாரியம் அமைத்த அக்குடியிருப்பின் முகவரியில் ஏரி என்னும் சொல் எஞ்சியிருக்கிறது.

எஞ்சிய ஏரிகளுக்கு நேர்ந்தது வேறு வகைக் கேடு. மதகின் கீழ் வயல் இல்லை. ஆகவே மதகைத் திறப்பார் இல்லை. வண்டல் வேண்டுவார் இல்லை. ஆகவே தூர் வாருவார் இல்லை. வரத்துக்கால் தெருவாயிற்று, அல்லது சாக்கடையாயிற்று. உழவன் ஒருவன் கரையில் நின்றிருந்தால் முதல் குடம் கழிவுநீர் வந்த அன்றே கூக்குரல் எழுப்பியிருப்பான், அது அவன் பயிரைக் கொல்லும் என்பதால். அவன் இல்லாத ஏரியில் கழிவு ஆண்டுக்கணக்கில் கலந்தது. கொரட்டூர் ஏரிக்காக அவ்வூர் மக்கள் அமைப்பாகத் திரண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்ல நேர்ந்தது இதனால்தான்.

வெள்ளமும் வறட்சியும்

2015 டிசம்பர் முதல் நாள் பெருமழையில் செம்பரம்பாக்கத்திலிருந்து, அரசுக் கணக்கின்படி, நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இருமருங்கும் மூழ்கின. நீர் திறந்த நேரத்தைப் பற்றிய வழக்காடல் ஒருபுறம் இருக்க, மேலே உள்ள சிற்றேரிகள் தம் பழைய கொள்ளளவோடு இருந்திருந்தால் ஒரே இரவில் இத்துணை நீர் ஓரிடத்தில் வந்து சேர்ந்திருக்குமா என்னும் வினா நிற்கிறது. ஏரிவரிசை என்பது பாசன ஏற்பாடு மட்டும் அன்று. வெள்ளத்தைப் பல நூறு இடங்களில் பிரித்து இருத்தி வைக்கும் ஏற்பாடும் ஆகும்.

நான்கே ஆண்டுகள் கழிந்தன. 2019 சூன் திங்களில் நகரின் நீர்த்தேக்கங்கள் நான்கும் ஏறக்குறைய வறண்டன. சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் வந்தது. 50 தொட்டி வண்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்து வந்த அந்த வண்டி அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் வழியே வில்லிவாக்கத்தில் வந்து நின்றது. ஆயிரம் ஆண்டுகளாக மழைநீரைத் தேக்கி நெல் விளைத்த ஏரிகளின் ஊர்கள் வழியே, வேற்று மாவட்டத்து நீர் தண்டவாளத்தில் ஊர்ந்து சென்றது. வரலாற்றில் இதனினும் கூரிய விமரிசனம் எழுத எவராலும் இயலாது.

புதிய ஆயக்கட்டு

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 2007இல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. 2017 மார்ச்சில் திருப்பெரும்புதூரை அடுத்த மணிமங்கலத்தில் குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே அரசு தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியது. ஆவடிப் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, 2019இல் நடைபாதையும் பசுமைப் பூங்காவும் உடையதாகத் திறக்கப்பட்டது. காலையில் அக்கரையில் மக்கள் நடக்கின்றனர், பறவைகளும் வருகின்றன. கரையில் மனிதர் நடமாட்டம் மீண்டது சிறிய செய்தி அன்று.

ஆயினும் நடப்பவர் ஏரியின் விருந்தினர். பழைய உழவரோ அதன் பங்காளி. விருந்தினர் ஏரியின் அழகை விரும்புவர். பங்காளியோ அதன் ஒவ்வோர் அங்குல ஆழத்தையும் எண்ணுவார். இன்று பங்காளி யார்? இவ்வூர்களில் முன்னர் வயலாக இருந்த இடத்தில் இப்போது வீடுகள் இருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. அக்கிணற்றில் ஊறும் நீரில் ஏரியிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய நீரும் கலந்திருக்கிறது; முன்னர்ச் சொர்ணவாரிக்கு ஆயக்கட்டுக் கிணற்றில் ஊறிய அதே ஊற்றுத்தான். ஆகவே ஆயக்கட்டு அழிந்துவிட்டது என்பது கண்ணுக்குத் தெரியும் பாதி உண்மை. நெல்லுக்குப் பதிலாக மனிதர் அதில் வாழ்கின்றனர். மின்விசை இறைக்கும் ஒவ்வொரு வீடும் ஏரியின் ஆயக்கட்டே. வேறுபாடு ஒன்றுதான். பழைய ஆயக்கட்டுக்காரர் தம் பொலியில் முதற்பங்கை ஏரிக்கு எடுத்து வைத்தார். புதிய ஆயக்கட்டுக்காரர் தாம் ஆயக்கட்டுக்காரர் என்பதையே அறியார்.

அந்த அறிவை ஊட்டுவது பொறியாளரால் மட்டும் ஆகும் செயல் அன்று. குடபுலவியனார் என்னும் சங்கப் புலவர் பாண்டியனிடம் பரிசில் வேண்டாமல் நீர்நிலை அமைக்க வேண்டினார். அன்று அரசன் ஒருவனிடம் சொன்னால் போதுமானதாக இருந்தது. இன்று ஒவ்வொரு தெருவிலும் சொல்லவேண்டியிருக்கிறது. மேற்கூர்களில் வாழும் கவிஞர்க்குக் கலங்கல், மதகு, வரத்துக்கால், பொலி, மேரை, பசுங்கரை என வழக்கொழியும் சொற்கள் கைக்கெட்டும் தொலைவில் கிடக்கின்றன. சொல் வழங்கும் வரையில்தான் அச்சொல் குறிக்கும் பொருளைத் தேடுவார் இருப்பர். மேரை என்னும் சொல் ஒரு தெருவில் மீண்டும் வழங்கத் தொடங்கினால், ஏரிக்குரிய பங்கு எங்கே என்று கேட்கும் ஒருவரேனும் அத்தெருவில் தோன்றுவார். அவர் பிறந்த ஊருக்கு ஏரி மிஞ்சும்.